குருமட வாசலில் மகன்: அழைத்தலைத் தேர்ந்து தெளிதல்

பாஸ்காக் காலத்தின் நான்காம் ஞாயிறு நல்லாயன் ஞாயிறு. அந்நாளைத் தேவ அழைத்தலுக்கான உலக மன்றாட்டு நாளாக 1964ஆம் ஆண்டில் பாப்பரசர் ஆறாம் பவுல் ஏற்படுத்தினார். அன்று எமது ஆலயங்களில் பங்குத்தந்தை பெற்றோரைப் பார்த்து, உங்கள் பிள்ளைகளில் ஒருவனை ஆண்டவருக்குத் தரமாட்டீர்களா என்று கேட்பார். தாய்மார் சிலர் கண் கலங்குவர். பீடப்பணி செய்யும் பையன்களில் ஒருவன் அன்றிரவு வீட்டில் வாய் திறந்து, "நான் சுவாமியாராகப் போகிறேன்" என்பான். அதன்பின் வீடே வேறாகிவிடும்.

அவன் குருமடத்துக்குப் போவதைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். போனபின் அங்கே அவன் என்ன செய்கிறான் என்பதைப் பற்றி மிகக் குறைவாகவே பேசுகிறோம். படிக்கிறான், செபிக்கிறான், காலம் வந்ததும் பட்டம் பெறுவான் என்று பெரும்பாலான குடும்பங்கள் எண்ணியிருக்கின்றன, பல்கலைக்கழகம் போன பிள்ளை நாலு வருடத்தில் பட்டதாரியாவதைப் போல. குருமடத்தின் முதல் வேலை அதுவன்று. ஆண்டவர் உண்மையில் தன்னை இந்த வழிக்கு அழைக்கிறாரா என்று அந்த இளைஞன் அங்கே சோதித்துப் பார்க்கிறான்; திருச்சபையும் அவனைச் சோதித்துப் பார்க்கிறது. இதனையே தேர்ந்து தெளிதல் என்கிறோம். சோதனை என்றால் இரண்டு முடிவுக்கும் இடம் இருக்கவேண்டும். 'ஆம்' என்ற விடைக்கு மட்டும் இடம் விட்டு நடத்துவது சோதனையாகாது. இந்த ஒன்றை எமது குடும்பங்கள் விளங்கிக்கொண்டால் பல பிள்ளைகளின் மனப்பாரம் குறையும்.

இதை எழுதுபவனும் ஒரு காலம் குருமட மாணவனாயிருந்து திரும்பி வந்தவன் என்பதை வாசகர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை.

எமது மறைமாவட்டத்தில் இந்தக் கேள்விக்குத் தனி வரலாறு உண்டு. 1893ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் யாழ்ப்பாண மறைமாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டுத் திருகோணமலை தனி மறைமாவட்டமாயிற்று. அதே ஆண்டு யூன் 24ஆம் திகதிதான் பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர், இந்திய நாடுகளின் மக்களுக்கு அவர்களுடைய மண்ணின் பிள்ளைகளே குருக்களாக வேண்டும் என்று வற்புறுத்தித் திருமடல் எழுதினார். அதே ஆண்டிலேயே கண்டியில் பாப்பரசரின் குருமடமும் தொடங்கியது. பின்னர் 1955இல் அது பூனா நகருக்கு மாற்றப்பட, கண்டி அம்பிட்டியில் இலங்கை அன்னையின் தேசிய குருமடம் எழுந்தது. ஆனால் திருகோணமலைக்கோ 1895 முதல் இயேசு சபையினரே பொறுப்பாயிருந்தனர். முதலில் பிரான்சு தேசத்தவர், பின்னர் அமெரிக்கர். ஆயர் லவீஞ், ஆயர் றொபிஷே, ஆயர் கிளெனி என மூவரும் கடல்கடந்து வந்தவர்களே. 1974ஆம் ஆண்டில் ஆயர் லியோ இராஜேந்திரம் அந்தோனி பொறுப்பேற்றபோதுதான் இந்நாட்டவர் ஒருவர் எமது மறைமாவட்டத்தின் ஆயரானார். கணக்குப் பார்த்தால் 81 ஆண்டுகள்.

ஆகவே எம்மூர்ப் பையன் ஒருவன் குருமடம் போகும்போது ஊர் முழுவதும் பெருமைப்படுவதில் தவறில்லை. அந்நியர் சுமந்த பாரத்தை எம் பிள்ளை சுமக்கப் போகிறான் என்ற மகிழ்ச்சி அது. அந்தப் பெருமையே அவன் தோளில் கல்லாக ஏறிவிடாதபடி பார்த்துக்கொள்ளவேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது.

நேர்ச்சை எதுவரை?

"அவன் பிறக்கமுன்னமே மாதாவுக்கு நேர்ந்து வைத்த பிள்ளை" என்று சொல்லும் தாய்மாரை எமது பகுதியில் எத்தனையோ பேரைக் கண்டிருக்கிறேன். அவர்கள் காட்டும் உதாரணம் அன்னாள். பிள்ளையில்லாத அன்னாள் ஆலயத்தில் அழுது மன்றாடி, ஒரு மகனைத் தந்தால் அவனை ஆண்டவருக்கே தருவேன் என்று நேர்ந்தாள். பிறந்த சாமுவேலைப் பால்குடி மறந்ததும் சீலோவுக்குக் கொண்டுபோய் ஏலி குருவிடம் ஒப்படைத்தாள். உண்மைதான். ஆனால் கதை அங்கே முடியவில்லையே! அடுத்த அதிகாரங்களையும் வாசியுங்கள். ஆலயத்தில் வளர்ந்து, ஆலயத்தில் பணிசெய்து, ஆலயத்திலேயே படுத்துறங்கிய அந்தச் சிறுவன் ஆண்டவரை இன்னும் அறியாதவனாகவே இருந்தான் என்று வேதாகமம் வெளிப்படையாகச் சொல்கிறது. தாயின் நேர்ச்சை அவனை ஆலயம் வரை கொண்டுபோய் விட்டது. அழைத்தல் பிறகு வந்தது; அவனுடைய பெயர் சொல்லி, அவனிடமே, இருட்டில் வந்தது. மூன்று முறையும் அவன் ஆளை மாற்றி விளங்கிக்கொண்டு ஏலியிடம் ஓடினான். அதைக் கேட்டுப் பதில் சொல்லவேண்டியவனும் அவனே. அன்னாள் அந்த இரவில் அங்கே இல்லை.

நேர்ச்சை வைக்கவேண்டாம் என்று சொல்லவரவில்லை. உங்கள் நேர்ச்சை உங்களைக் கட்டும், மகனைக் கட்டாது. செபிப்பதும், போக விரும்பினால் தடுக்காமல் விடுவதும் உங்கள் பங்கு.

திருச்சபையின் சட்டம் இதில் மிகக் கண்டிப்பானது. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, 1026ஆம் எண்ணில், எக்காரணத்துக்காகவும் எவ்வழியிலும் ஒருவரைக் குருத்துவத்துக்கு வற்புறுத்துவதைத் தடை செய்கிறது. தகுதியுள்ள ஒருவரைத் தடுத்துத் திருப்புவதையும் அதே எண்ணிலேயே தடை செய்கிறது. இரண்டு பக்கத்துப் பெற்றோருக்கும் அதில் பாடம் உண்டு. திருநிலைப்படுத்தப்படுமுன் ஒவ்வொரு மாணவனும், தானாகவும் சுதந்திரமாகவும் இப்பட்டத்தைப் பெற வருகிறேன் என்று தன் கையாலேயே எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுக்கவேண்டும் என்கிறது 1036ஆம் எண். தாயின் கையெழுத்தை அங்கே எவரும் கேட்பதில்லை.

குரல் கேட்கவில்லையே என்று ஏங்குபவர்கள்

"எனக்கு அழைத்தல் இருக்கிறதென்று எப்படித் தெரியும்?" குருமடத்தில் முதல் வருடம் முழுவதும் நான் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி இது. கனவு வரும், உள்ளத்தில் ஒரு குரல் கேட்கும், திருப்பலியில் உடல் சிலிர்க்கும் என்றெல்லாம் எதிர்பார்த்திருந்தேன். பக்கத்துக் கட்டில்காரன் அப்படியொரு அனுபவத்தைச் சொன்னபோது எனக்கு அழுகையே வந்தது.

இக்கேள்வி பழையது. பிரான்சு தேசத்து ஏர் மறைமாவட்டத்தின் குருமடப் பேராசிரியர் லகித்தோன் என்பவர் 1909இல் இதைப்பற்றி எழுதிய நூல் பெரும் வாதத்தைக் கிளப்பியது. உரோமையில் கர்தினால்மார் குழுவொன்று ஆராய்ந்து 1912இல் முடிவு சொன்னது. பாப்பரசர் பத்தாம் பத்திநாதர் அதை உறுதிப்படுத்தினார். அதன் சாரம்: உள்ளத்தில் எழும் இனிமையான கவர்ச்சி வந்தே தீரவேண்டும் என்றில்லை. நேரிய நோக்கமும், இப்பணிக்கேற்ற தகுதியும் ஒருவனிடம் இருக்கவேண்டும். ஆயர் அவனை அழைக்கவேண்டும். சிலிர்ப்பு வந்தால் நன்றி சொல்லலாம், வராவிட்டால் பயப்படவேண்டியதில்லை.

அப்படியானால் நோக்கத்தையும் தகுதியையும் எப்படிப் பார்ப்பது? நோக்கத்தைப் பார்ப்பதுதான் கடினம், ஏனென்றால் அது கலந்தே இருக்கும். வெள்ளை அங்கியில் ஒரு ஆசை, ஊரில் எழுந்து நின்று கதிரை கொடுப்பார்கள் என்று ஒரு ஆசை, வெளிநாட்டில் படிக்கலாம் என்று ஒரு ஆசை, க.பொ.த. உயர்தரத்தில் எதிர்பார்த்த சித்தி கிடைக்காத கவலை, வீட்டுச் சண்டையிலிருந்து விலகியிருக்கும் நிம்மதி. போர்க்காலத்தில் பிள்ளை குருமடத்துக்குள் இருந்தால் உயிராவது மிஞ்சும் என்று எண்ணிய பெற்றோரும் இருந்தனர்; அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. இவற்றில் ஏதாவது ஒன்று கலந்திருந்தால் அழைத்தல் பொய் என்று முடிவுகட்டக் கூடாது. மற்ற எல்லாம் கழிந்துபோனாலும், இந்த மக்களுக்காக ஆண்டவருடைய பணியைச் செய்யவேண்டும் என்ற ஆசை மிஞ்சி நிற்கிறதா என்பதே கேள்வி. அது கழிந்து தெரிவதற்குக் காலம் வேண்டும். அதனால்தான் பயிற்சி அவ்வளவு நீளம்: மெய்யியலும் இறையியலும் மட்டும் முழுமையாக 6 ஆண்டுகளுக்குக் குறையக் கூடாது என்கிறது சட்டம். அதற்கு முன் ஆயத்த ஆண்டு, இடையில் பங்குகளில் பணிப் பயிற்சி. வாசகப் பணி, பீடத்துணைப் பணி, திருத்தொண்டர் பட்டம் என்று படிப்படியாகப் போகவேண்டும். 25 வயது நிறையாமல் குருப்பட்டம் இல்லை.

இவ்விடத்தில் சுவாமி ஞானப்பிரகாசரை நினைக்கவேண்டும். மானிப்பாயில் 1875இல் பிறந்த அவர் 1893இல் அரசாங்கப் புகையிரதப் பகுதியில் எழுதுவினைஞர் உத்தியோகம் பெற்றார். அந்நாளில் அப்படியொரு உத்தியோகம் என்றால் யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு வேறென்ன வேண்டும்! இரண்டு ஆண்டுகளில், 1895இல், அதை விட்டுவிட்டுக் குருமடம் சேர்ந்தார், 1901இல் குருவானார். பிழைக்க வேறு வழியில்லாமல் போனவர் என்று எவரும் சொல்லமுடியாது. கையிலிருந்த நல்ல ஒன்றை விட்டுப் போனார். மீன்பிடி வலையும் தகப்பனும் கூலியாட்களும் இருந்த வள்ளத்தை விட்டுப்போன செபதேயுவின் மக்களைப்போல.

தகுதி என்பதைப் பரீட்சைப் புள்ளி என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. பங்குக் குருக்களின் பாதுகாவலரான புனித ஜோன் மரிய வியான்னி இலத்தீன் மொழியில் பட்ட பாடு உலகறிந்தது. 1815இல் குருப்பட்டம் பெறும்வரை அவருக்கு அது தீராத துன்பமாயிருந்தது. ஆனால் அறிவு வேண்டாம் என்பதற்கு அவரைச் சாட்சியாக இழுப்பது சோம்பேறிகளின் வேலை. அவர் விடாமல் படித்தவர். உடல்நலம், மனநலம், பொறுமை, உண்மை பேசுதல், மற்றவர்களோடு கூடிவாழும் குணம், பெண்களை மதித்து நடத்தல் எல்லாமே தகுதிக்குள் அடங்கும். 2016ஆம் ஆண்டு டிசெம்பர் 8ஆம் திகதி உரோமை வெளியிட்ட குருத்துவப் பயிற்சிக்கான ஒழுங்குவிதிகள், சிறுவரும் பலவீனரும் பாதுகாக்கப்படுவதில் மிகுந்த கவனம் வேண்டும் என்கின்றன. ஆகவே மகனைப்பற்றிக் குருமட அதிபர் கேட்கும்போது, அவனுடைய நோயையோ, அடங்காத கோபத்தையோ, குடிப்பழக்கத்தையோ பெற்றோர் மறைப்பது பாவம். உங்கள் மகனுக்கும் தீங்கு, நாளை அவனிடம் வரப்போகும் மக்களுக்கும் தீங்கு.

ஒரு பெண்ணைக் கண்டு மனம் சலனப்பட்டதும் "எனக்கு அழைத்தல் இல்லை" என்று பெட்டி கட்டிய பையன்களையும் பார்த்திருக்கிறேன். மனம் சலனப்படுவது அவன் மனிதன் என்பதற்கு அடையாளம். மணவாழ்வின் அருமை தெரியாதவன் அதை ஆண்டவருக்காக விட்டுக்கொடுப்பதில் என்ன இருக்கிறது? மனப்பூர்வமாகவும் மகிழ்ச்சியாகவும் அதை விட்டுக்கொடுத்து வாழ முடியுமா என்று அவன் பார்க்கவேண்டும். முடியாதென்று கண்டால் அதுவும் தெளிவே.

வாடைக்காலத்து முடிவுகள்

இயேசு சபையினர் இந்தக் கரைக்குக் கொண்டுவந்தவற்றில் பள்ளிக்கூடங்களைச் சொல்வோம், கூடைப்பந்தைச் சொல்வோம். புனித இஞ்ஞாசியாரின் ஆன்மீகப் பயிற்சிகளையும் அவர்கள் கொண்டுவந்தார்கள். அதில் தேர்ந்து தெளிதலுக்கான விதிகள் உண்டு. அவற்றில் ஒன்று எங்கள் கடற்கரைக்காரருக்கு விளக்கமே தேவையில்லாதது: உள்ளம் வறண்டு இருண்டிருக்கும் வேளையில், முன்பு அமைதியில் எடுத்த தீர்மானத்தை மாற்றாதே.

மாரிக்காலத்தில் வாடை பலமாக வீசும்போது திறந்த கடல் பக்கத்தில் வள்ளம் இறக்கமுடியாது. கரையில் இழுத்து வைத்துவிட்டு வலையைப் பழுதுபார்த்துக்கொண்டு இருப்போம். அதற்காக வள்ளத்தை விற்றுவிடுபவன் உண்டோ? அதேபோலத்தான் செபம் கசக்கும் மாதங்களும், வீட்டு நினைவு வாட்டும் இரவுகளும், மேலாளர் ஒருவரின் சொல் சுட்ட நாளும். அந்த நாளில் முடிவெடுக்கக் கூடாது. இஞ்ஞாசியார் அத்தோடு நிற்கவில்லை: வறட்சி எதனால் வந்தது என்று பார்க்கவும், செபத்தைக் குறைக்காமல் சற்றுக் கூட்டவும், பொறுத்திருக்கவும் சொல்கிறார்.

வாடை ஓய்ந்து கடல் குளம்போலக் கிடக்கும் காலம் வரும். செபம் இனிக்கிறது, படிப்பு ஓடுகிறது, நண்பர்கள் நல்லவர்கள், எவர் மேலும் கோபமில்லை. அப்போதும், அந்த அமைதியிலும், "இது என் வழியன்று" என்ற எண்ணம் மாதக்கணக்காக மாறாமல் நிற்குமானால், அதைப் பிசாசின் சோதனை என்று சொல்லித் துரத்தக் கூடாது. அதையும் கேட்கவேண்டும். இந்த இரண்டாவது பகுதியை எமது பெற்றோருக்கு எவரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

இதையெல்லாம் தனியே இருந்து பிரித்தறிவது இளைஞனுக்கு இயலாது. என் தகப்பனார் துறைமுகத்தில் பைலட்மாரைக் கப்பலுக்கு ஏற்றிச்செல்லும் படகில் வேலைசெய்தவர். ஏழு கடலும் சுற்றிய கப்பல் தலைவனும் எமது துறைமுக வாயிலில் நின்று பைலட்டை ஏற்றிக்கொண்டுதான் உள்ளே வருவான் என்று சொல்வார். அந்த நீரின் ஆழமும் பாறையும் அறிந்தவர் பைலட். ஆனாலும் கப்பலுக்குப் பொறுப்பு தலைவனுடையதே. ஆன்ம குரு என்பவர் அந்தப் பைலட். அவரிடம் எதையும் மறைக்கவேண்டியதில்லை. ஒரு மாணவனைப் பட்டத்துக்கு ஏற்பதா, அனுப்பிவிடுவதா என்று தீர்மானிக்கும்போது ஆன்ம குருவிடமோ பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருவிடமோ அபிப்பிராயம் கேட்கவே கூடாது என்று சட்டமே (240ஆம் எண்) தடுத்திருக்கிறது. பையன் மனந்திறந்து பேசுவதற்காகத் திருச்சபை கட்டிய மதில் அது. எனக்கு இதை எவராவது முதல் வருடத்திலேயே சொல்லியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். பயந்து பயந்து அரைகுறையாகப் பேசிக்கொண்டிருந்தேன்.

வீட்டுப் பாரத்தைப் பற்றியும் ஒரு சொல். மூத்தவன் குருமடம் போய்விட்டால் தங்கைமாருக்குச் சீதனம் யார் தேடுவது என்ற கேள்வியை வெட்கப்பட்டு மறைக்கவேண்டாம். 1917ஆம் ஆண்டின் பழைய சட்டத் தொகுப்பு, கடும் வறுமையிலுள்ள தாய் தகப்பனைத் தாங்கவேண்டிய மகனைத் துறவற நவசந்நியாசத்தில் சேர்ப்பது முறையன்று என்றே சொல்லியிருந்தது. பெற்றோரின் பட்டினியைத் திருச்சபை அற்பமாக எண்ணியதில்லை. ஆனால் பட்டினி வேறு, சீதனக் கணக்கு வேறு. எது எங்கள் வீட்டில் இருக்கிறது என்று பங்குத்தந்தையோடு மனந்திறந்து பேசுங்கள்.

பையன்கள் பெரும்பாலும் ஒரு குருவைப் பார்த்தே ஆசைப்படுகிறார்கள். அருட்தந்தை யூஜின் ஹெபேர் 1948இல் அமெரிக்காவின் லூசியானாவிலிருந்து வந்தவர். திருகோணமலை புனித சூசையப்பர் கல்லூரியிலும் மட்டக்களப்பிலும் தலைமுறை தலைமுறையாய்ப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கியவர். 1990ஆம் ஆண்டு ஓகஸ்ட் 15ஆம் திகதி, மாதாவின் விண்ணேற்பு விழாவன்று, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டவர் காணாமற்போனார். இன்றுவரை திரும்பவில்லை. அப்படியொரு மனிதரைக் கண்டு வளர்ந்த பையனுக்கு ஆசை வராதா? வரத்தான் வேண்டும். அவரிடம் பழகிய எல்லோரும் குருக்களாகவில்லை. நல்ல தகப்பன்மாரானவர்களும் உண்டு, ஆசிரியர்களானவர்களும் உண்டு.

நான் மூன்றாம் வருட முடிவில் திரும்பினேன். எந்தக் குருவும் என்னைத் துரத்தவில்லை. எந்தக் குழப்பமும் நடக்கவில்லை. இரண்டு வருடம் ஆன்ம குருவோடு பேசி, ஒரு தியானத்தின் முடிவில், அமைதியாக எடுத்த முடிவு. அந்த அமைதி பஸ் நிலையம் வரைதான் நின்றது. ஊரில் இறங்கியதும் கால் நடுங்கியது. வழியில் கண்டவர்கள் எல்லோரும் ஒன்றையே கேட்டார்கள்: "லீவோ தம்பி? எப்ப திரும்பிப் போறீர்?" அதற்குப் பின்னும் பல மாதம் கேட்டார்கள். கோயிலில் பின்வாங்கிலில் இருக்கப் பழகிக்கொண்டேன். ஏதோ செய்துவிட்டுத்தான் வந்திருப்பான் என்று எனக்குக் கேட்கும்படியாகவே சொன்னவர்களும் உண்டு. அந்தப் பேச்சுக்குப் பயந்தே, வழி தனதன்று என்று தெரிந்தபின்னும் குருமடத்தில் தங்கிவிடுகிற பையன் இருப்பானானால், அவனுடைய பட்டத்துக்கு ஊர் முழுவதும் பொறுப்பாளி.

அன்று மாலை நான் வீட்டுப் படலையைத் திறந்தபோது அம்மா அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்து, பெட்டியைக் கண்டதும் விளங்கிக்கொண்டு, சீலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டா. நேர்ந்து வைத்த தாய் அல்லவா. அப்பா வேலைக்குப் போகச் சட்டை மாட்டிக்கொண்டு நின்றார். இறங்கி வந்து என் கையிலிருந்த தகரப் பெட்டியை வாங்கி உள்ளே கொண்டுபோய், முன்பு அது இருந்த அதே இடத்தில் வைத்தார். "சாப்பிட்டியோ?" என்று கேட்டார். நான் இல்லை என்றேன். "தாயிட்டைச் சொல்லிச் சாப்பிடு. நான் வர விடியும்" என்று சொல்லிவிட்டுத் துறைமுகத்துக்குப் போனார்.